விளையாட மட்டும் ஒரு பெட்டி

தம்பி,

அம்மா இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். நீயும் படித்துவிட்டு, கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். அதனால் நம் குடும்பக் குரூப்பிலேயே போடுகிறேன். உன் பெரியப்பா படிக்கட்டும், கிரேஸி அக்கா படிக்கட்டும், துபாயில் இருக்கிற உன் மாமாவும் படிக்கட்டும். உனக்குப் பதிமூன்று வயதாக இருந்தபோது கடை நிறைய ஆள் இருக்கையில் உன்மேல் ஒரு பழி விழுந்தது. நாலு பேர் பார்க்க விழுந்த பழியை நாலு பேர் பார்க்கத்தான் எடுக்க வேண்டும். வீட்டு விஷயத்தை இப்படியா பொதுவில் எழுதுவது என்று யாராவது முகம் சுளித்தால், ஆமாம், இப்படித்தான் எழுதுவேன். ஐம்பத்தெட்டு வயதுக்குமேல் நான் யாரிடம் போய் நல்ல பெயர் வாங்க வேண்டும்?

போன வாரம் எஸ்தர் வீட்டார் போடியிலிருந்து உன் சென்னை வீட்டைப் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, பெண் வந்து வாழப்போகிற வீடு, பார்க்கத்தானே செய்வார்கள். நானும் பத்து நாளாக அங்கேதான் இருந்தேன். எல்லா அறையையும் பார்த்து முடித்துவிட்டு அவள் அப்பா சோபாவில் உட்கார்ந்தார். டிவிக்குக் கீழே இருந்த உன் கறுப்புப் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இது என்ன மாப்ள, கேபிள் பொட்டியா?"

"கேம் கன்சோல் மாமா. ஆனா கேமுக்குன்னு வாங்கல. படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம். ஞாயித்துக்கிழம ஆராதனைகூட இதுலயே பாக்கலாம். அவசரத்துக்கு ஆபீஸ் மீட்டிங்கும் போடலாம்."

கேட்டுக்கொண்டிருந்த நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நீ அதில் பந்து விளையாடி, கோல் விழுந்ததற்குக் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார். உன் ஆபீஸ் மீட்டிங் ஒன்றைக்கூட அதில் நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் நல்ல மனுஷன், சும்மா பேச்சுக்குத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். "எங்க பொண்ண உங்களுக்கு மனசாரப் பிடிச்சிருக்குல்ல மாப்ள? உங்க வாயால ஒருதடவகூடக் கேக்கலையே." நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேங்க் வேல மாமா, சென்னைக்கு மாத்தலும் ஈஸியாக் கெடச்சிரும். காரு ஓட்டுவாக. அம்மாகூட நல்லா ஒத்துப்போவாக" என்று அடுக்கினாய். எஸ்தர் பால்கனிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் அவளே எனக்குப் போன் பண்ணினாள். "அத்தை, அவுக அந்தப் பொட்டியப் பத்திச் சொன்னதையும் என்னையப் பத்திச் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரு வாரம் டைம் வேணும் அத்தை. அப்பாகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவனுக்கு உன்னைய ரொம்பப் பிடிக்கும்த்தா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. நீ ஊருக்கு வரும்போதெல்லாம், அவள் பெயர் போனில் வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போவதை ஆறு மாதமாகப் பார்க்கிறவள் நான். அது எனக்குத் தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? நீ சொல்ல வேண்டியதை நான் சொன்னால் அதற்குப் பேர் சிபாரிசு.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், ஏன்டா அந்த மனுஷனிடம் பொய் சொன்னாய் என்று. உனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பொய்யில்லம்மா. இப்ப எல்லாக் கன்சோலும் அப்படித்தான் வருது. கேம் மட்டும்தான்னா எவன் வாங்குவான்? வீட்ல உள்ளவக ஒத்துக்கிட வேணாமா?" என்றாய். நான் அதோடு எழுந்து உள்ளே போய்விட்டேன். உன் பதில் சரி என்பதால் இல்லை. அது நான் பேசின பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. அதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று இந்தக் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

நம் பாத்திரக்கடைக்கு மேலேதான் அப்போது ரெண்டு குடும்பமும் இருந்தோம். தேனி பஜாரில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற கடை என்றால் வீட்டுக்குள் ஒரு சீப்பு வந்தால்கூடப் பெரியவர் கேட்பார். உன் பெரியப்பாவின் கேள்வி ஒன்றேதான்: "இது எதுக்கு ஆகும்?" அவரைக் குற்றம் சொல்லவில்லை, அது கடைப் பழக்கம். ஜெயமங்கலத்திலிருந்து ஒரு அம்மா வருவார், புட்டுக்குடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல புட்டத் தவிர வேற என்ன அவிக்கலாம்?" என்று கேட்காமல் போனதே இல்லை. கேரள எல்லையிலிருந்து வருகிற குமுளிக்காரர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குப் புட்டுத் தின்ன வேண்டும், அதற்குக் குடம் வேண்டும், அவ்வளவுதான். ஜெயமங்கலத்து அம்மா கடைசியில் ஐந்து வேலை செய்கிற அடுக்குப் பாத்திரத்தை வாங்கிப்போய் அதில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

உன் துபாய் மாமா லீவில் வந்தபோது உனக்கு முதல் கன்சோலைக் கொண்டுவந்தான். நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே பெரியப்பா மாடிக்கு வந்துவிட்டார். கேட்டார். உன் மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "டிவிடி போட்டுப் பாக்குறது அத்தான். படம் பாக்கலாம், ஜெபக்கூட்ட டிஸ்க்கு போடலாம். பையன் கம்ப்யூட்டரும் கத்துக்கிருவான்" என்றேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் அண்ணன் பேச்சையும் தாண்டமாட்டார், என் பேச்சையும் தாண்டமாட்டார், பாவம். பெரியப்பா தலையாட்டிவிட்டு இறங்கிப்போனார். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

எதற்கெல்லாம் ஆகும் என்று சொல்லி ஒன்றை உள்ளே விட்டோமோ, அதற்கெல்லாம் ஆட்கள் வரத்தான் செய்வார்கள். பெரியம்மா படம் பார்க்க வந்தார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் டிஸ்க்கோடு வந்தார்கள். பெரியப்பா தன் மகள் கிரேஸியைக் கட்டிக்கொடுத்த பிறகு சொல்லவே வேண்டாம், மூன்று டிஸ்க்குக் கல்யாணப் படம், வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒருதரம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பொத்தான் வைத்த அதன் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பந்தியில் சாப்பிடுகிற காட்சி முடியட்டும் என்று காத்திருப்பாய். ஒருநாளும் நீ கேட்டதில்லை. கேட்டால், "படிக்கிற பிள்ளைக்கு என்னடா வெளாட்டு" என்பார்கள். மீதி இருக்கிற அரைமணி நேரம் உனக்கு.

அந்த அரைமணி நேரத்திலேயே நீ ஒரு கால்பந்து அணியைக் கட்டியிருந்தாய். பதினொரு ஆட்டக்காரர்களுக்கும் உன் வகுப்புப் பையன்கள் பெயரை வைத்திருந்தாய். யார் கோல் போட்டது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வாயாம், கோல் போட்டவன் நாளெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவானாம். கோப்பையின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டீர்கள். சனிக்கிழமை காலை பதினொரு பேரும் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சீடை சுட்டுத் தரச்சொல்லி என்னிடம் கேட்டிருந்தாய்.

வியாழக்கிழமை மத்தியானம் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். மயிலாடும்பாறையிலிருந்து எனக்குத் தூரத்து உறவில் ஒரு அக்கா வந்திருந்தாள். அவளுக்குக் காட்டுவதற்காகக் கிரேஸி கல்யாணத்தின் இரண்டாவது டிஸ்க்கை நான்தான் எடுத்துப் போட்டேன். நான்தான். கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும். அந்த டிஸ்க்கின்மேல் ஸ்டுடியோக்காரர் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிற படத்தைக் காகித ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்திருந்தார். நம் ஊரில் எந்தக் கல்யாண டிஸ்க்குதான் ஸ்டிக்கர் இல்லாமல் வருகிறது? வாயால் விழுங்குகிற மாதிரி டிஸ்க்கை இழுத்துக்கொள்கிற பெட்டி அது. உள்ளே சூட்டில் ஸ்டிக்கர் ஒரு ஓரம் பிரிந்து, எங்கேயோ ஒட்டி, கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் டிஸ்க்கு வெளியே வரவில்லை. நான் ரெண்டு தட்டுத் தட்டினேன், சுவிட்சை அணைத்தேன், அந்த அக்காவுக்குக் காபி போடப் போய்விட்டேன்.

சாயங்காலம் நீ வந்து பார்த்தாய். புருவம் எடுக்கிற இடுக்கியை விட்டு நோண்டிக்கொண்டிருந்தாய். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு இறங்கினார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் தன் உளியை உள்ளே விட்டு அதை நெம்பித் திறந்தார். டிஸ்க்கு வந்தது, ஸ்டிக்கர் கிரேஸி முகத்துக்குக் குறுக்கே கிழிந்துபோய். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "புதுசாக் கட்டிக்குடுத்த பிள்ள மூஞ்சியக் கிழிச்சு வச்சிருக்கியேலே! எந்நேரமும் வெளாட்டு, வெளாட்டு!" என்று கடையில் வாடிக்கையாளர்கள் நிற்க உன்னை அடித்தார். ஒரு அடி இல்லை. நான் மாடிப்படியில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் போட்டதுதான் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே பல சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூட்டுக்குடும்பம், மரியாதை, உன் அப்பாவுக்குச் சங்கடம். எல்லாம் சப்பைக்கட்டு. பயந்தேன், அவ்வளவுதான். படம் பார்க்கத்தான் வாங்கினோம் என்று சொன்னவள் நான், படம் பார்க்கப்போய்த்தான் அது கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே விளையாட்டின் தலையில் பழியைப் போட்டோம். சனிக்கிழமை பதினொரு பையன்களும் வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, "இன்னைக்கு இல்லப்பா, போங்க" என்று அனுப்பினதும் நான்தான். சீடையைக்கூடக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நீ எதையும் பிடிக்கும் என்று சொன்னதே இல்லை. சைக்கிள் கேட்டாய், டியூஷனுக்கு என்றாய். சென்னைக்குப் போகிறேன் என்றாய், சம்பளத்துக்கு என்றாய். இந்தக் கன்சோலைக்கூட ஆசைப்பட்டு வாங்கினேன் என்று உன்னால் உன் சொந்த வீட்டில் உட்கார்ந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பிறகும் சொல்ல முடியவில்லை. எஸ்தரைச் சொல்லும்போதும் அதே பட்டியல். என்ன பண்பான பிள்ளை என்று ஊர் மெச்சிற்று. எனக்குத்தான் தெரியும், அது பண்பு இல்லை, அடி வாங்கினவன் முன்னெச்சரிக்கை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கேம் மட்டும் ஓடுகிற பெட்டியை எவன் வாங்குவான் என்றாய். நியாயமான கேள்வி. டிவிடி ஓடாது என்றிருந்தால் அது நம் மாடிப்படி ஏறியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான் முடியும் என்றால் நாலு வேலை செய்கிறதைத்தான் வாங்குவார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேள். ஒரே பெட்டியில் விளையாட்டையும் மற்ற வேலைகளையும் சேர்த்துப் போட்டால் எது முதலில் எழுந்து இடம் கொடுக்கிறது? எப்போதும் விளையாட்டுதான். படத்துக்கு ஒரு வீடே கூடிவிடும், ஆராதனைக்கு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள், ஆபீஸுக்குக் கேட்கவே வேண்டாம். விளையாட்டுக்காகப் பேச யார் வருவார்கள்? அது சும்மா இருக்கிற ஆள்தானே, கொஞ்சம் தள்ளி உட்காரட்டும் என்பார்கள்.

உன் வீட்டில் இருந்த பத்து நாளில் எனக்கே அது நடந்தது. நீ ஆபீஸ் போன பிறகு அந்தப் பெட்டியில் கார்ப் பந்தயத்தை நானாகப் போட்டு ஓட்டப் பழகினேன். சிரிக்காதே. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான் முதல் ரெண்டு நாள் ஒவ்வொரு வளைவிலும் சுவரில்தான் போய் முட்டினேன். ஆறாம் நாள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன், முன்னால் ரெண்டே கார். என் வாழ்நாளில் யாரையும் முந்த வேண்டும் என்று அப்படி வெறி வந்ததில்லை. நீ உன் கூட்டாளிகளோடு உள்ளே வந்தாய். "ம்மா, மேட்ச் ஆரம்பிச்சிருச்சு" என்று என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாய். பிடுங்கவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினாய். கிரிக்கெட் ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து பஜ்ஜிக்கு மாவு கரைக்கப் போனேன். அடுப்படியில் நின்றபோதுதான் கைப்பிடியோடு காத்திருந்த உன் பதிமூன்று வயதுக் கை எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் கழித்து, என் கையில் உறைத்த பிறகு.

ஆகவே என் கட்சி இதுதான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. விளையாடுகிற பெட்டி விளையாட மட்டும் இருக்கட்டும். படம் பார்க்க உன் டிவியே போதும். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர், போன், எல்லாம் வைத்திருக்கிறாய், அவை உன்னைச் சாப்பிடக்கூட விடுவதில்லை. ஒரே ஒரு பொருளாவது, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், விளையாடத்தான், வேறு எதற்கும் இல்லை என்று நிமிர்ந்து சொல்லும்படி வீட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டியைத் தயாரித்து விற்கிறவன் அறிவாளியோ, நஷ்டப்படுவானோ, எனக்குத் தெரியாது, நான் பாத்திரக்கடைக்காரி. ஆனால் ஒரு சந்தோஷத்துக்கு நாலு சால்ஜாப்பைக் கட்டி அனுப்பினால் கடைசியில் சால்ஜாப்புதான் வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று இதைச் சொல்லத்தான் கடைக்கு இறங்கினேன். முகூர்த்த நாள் நெருங்குவதால் சீர்ப் பாத்திரம் வாங்க நல்ல கூட்டம். பெரியப்பா கல்லாவில் இருந்தார்.

"அத்தான், அன்னைக்கு அந்த டிஸ்க்கப் போட்டது பையன் இல்ல. நான்."

"எந்த டிஸ்க்குத்தா?"

"கிரேஸி கல்யாண டிஸ்க்கு. முகம் கிழிஞ்சுச்சுல்ல, அது."

கையிலிருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டு மூடினார். "அத இப்பச் சொல்லி என்னத்தா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது அத்தான். இங்கன வச்சுத்தான அவன அடிச்சீக. அதான் இங்கன வச்சுச் சொல்றேன்."

சீர் வாங்க வந்தவர்கள் அண்டாவைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "ரொம்ப அடிச்சுட்டேனோ?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "விடுங்க, பழைய கதை" என்று வழக்கம்போல் சமாதானம் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தத் தப்பில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பாதிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், காரணம் எதுவும் சொல்லாமல்.

எஸ்தர் கேட்ட வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் இந்தக் குரூப்பில் இல்லை. நான் அவளுக்கு இதை அனுப்பவும் மாட்டேன், நீ வருவாய் என்று சொல்லவும் மாட்டேன். இன்று ராத்திரி ரயிலோ பஸ்ஸோ, எது கிடைத்தாலும் ஏறு. தேனியில் இறங்காதே, நேராகப் போடிக்குப் போ. அவள் அப்பா என்ன விஷயமாக மாப்பிள்ளை என்று கேட்டால் எஸ்தரைப் பார்க்க என்று சொல். அவளைப் பிடித்திருக்கிறது என்று அவளிடமே சொல். பேங்கு வேலையை இழுக்காதே, என்னை நடுவில் இழுக்கவே இழுக்காதே. அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம், அது அவள் இஷ்டம், கேட்டுக்கொண்டு வா. போகும்போது ஒரு சேலை, ஒரு கிலோ திராட்சை என்று எதையாவது வாங்கிக்கொண்டு, இதைக் கொடுக்கத்தான் வந்தேன் என்று நிற்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஒன்றும் வாங்காதே. கையை வீசிக்கொண்டு போ.

அம்மா